கலிக்கோ அட்டைக்குள்ளே

பங்கு இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்பொழுது, திண்ணையிலோ கூடத்திலோ அமர்ந்து இரண்டு வார்த்தை பேசிய பின்னர், நம் கண்கள் தாமாகவே அந்த வீட்டின் மாடத்தையும் அலமாரியின் மேல்தட்டையும் தேடிச் செல்வது நமக்கு நெடுநாளைய வழக்கம். பழைய வீடாயின் பெரும்பாலும் அங்கே ஒரு புத்தகம் இருக்கும். நீலமென்றும் பழுப்பென்றும் உறுதியாகச் சொல்ல முடியாத நிறத்தில் துணி ஒட்டிய அட்டை. ஒரு காலத்தில் பொன்னெழுத்தாக மின்னி, இப்பொழுது அழுந்திய தடமாக மட்டும் எஞ்சிநிற்கும் பெயர். மூலைகளில் இழை பிரிந்து தெரியும் நெசவு. அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமாகவோ, செபப் புத்தகமாகவோ, வீட்டுப் பாட்டனார் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்த இலக்கண நூலாகவோ அது இருக்கலாம். கையில் எடுத்துப் பார்த்தால் வீட்டாருக்குச் சிறிது வெட்கம். "பழசு சாமி, தூக்கிப் போட மனசு வரல்லே" என்பார்கள். தூக்கிப் போடாதது நல்ல காரியந்தான். ஆயினும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்கும் பேணி வைத்திருப்பதற்கும் இடையே வெகு தூரம் உண்டு. அந்தத் தூரத்தைப் பற்றி இம்மாதம் வாசகர்களோடு சற்று உரையாட விரும்புகிறோம்.

முதலில் அந்தத் துணியைப் பற்றி. நம் ஊர்ப் பைண்டர்கள் இன்றும் அதனைக் கலிக்கோ என்றே சொல்கின்றனர். அச்சொல் நமக்கு அந்நியமானதன்று. கள்ளிக்கோட்டைத் துறையிலிருந்து கப்பலேறிய பருத்தித் துணிக்கு ஐரோப்பியர் அந்த ஊரின் பெயரையே இட்டு வழங்கினர். அதுவே நாளடைவில் கலிக்கோ ஆயிற்று. மலையாளக் கரையின் பெயரைச் சுமந்த துணி, கடல் கடந்து போய்ப் புத்தக அட்டையாகித் திரும்பவும் நம் வீட்டு மாடத்துக்கே வந்து சேர்ந்தது விந்தையான பயணமல்லவா! 1820-ஆம் ஆண்டுகள் வரையில் இங்கிலாந்தில் நூல் வாங்குபவர், காகிதம் ஒட்டிய தற்காலிக அட்டையோடு அதனை வாங்கி, வசதியிருந்தால் தம் செலவில் தோற்கட்டு போட்டுக்கொள்வார். அந்தப் பத்தாண்டில்தான் இலண்டன் பதிப்பாளர் வில்லியம் பிக்கரிங் என்பார் துணியட்டையோடு நூல்களை வெளியிடத் தொடங்கினார். ஆர்ச்சிபால்டு லெய்ட்டன் என்ற பைண்டர், துணிக்குக் கஞ்சியேற்றிப் பசை ஊறி மேலே வராதபடி அதனைப் பக்குவம் செய்தார். தோலைவிடத் துணி மலிவு. அட்டையும் கெட்டி. ஆகவே, பிரபுக்களின் மாளிகையோடு நின்றுவிட்ட கட்டுப் புத்தகம், பள்ளி ஆசிரியரின் வீட்டுக்கும் கணக்குப்பிள்ளையின் வீட்டுக்கும் வந்து சேர இந்தக் கஞ்சித் துணியே வழி செய்தது எனலாம்.

ஆனால் மலிவுக்கு ஒரு விலை உண்டு. பழைய தோற்கட்டில், தாள்களைத் தைத்த கயிறுகளையே அட்டையில் துளையிட்டுப் பிணைத்துவிடுவார்கள். துணிக்கட்டில் தைத்த தாள்கள் தனி. அட்டைக் கூடு தனி. இரண்டையும் வெவ்வேறாகச் செய்து இறுதியில் ஒட்டிச் சேர்ப்பது வழக்கம். முதுகில் ஒட்டிய சல்லாத் துணி ஒன்றும், முன்னும் பின்னும் வைத்த வெற்றுத் தாள்களுமே அவ்விரண்டையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்துகின்றன. பழைய புத்தகத்தை முதன்முதல் திறக்கும்போது, அட்டையும் தாளும் சந்திக்கும் மடிப்பில் "சடக்" என்று ஓர் ஒலி கேட்குமே, அது அந்த வெற்றுத் தாள் ஒடியும் ஒலி. ஒரு கனத்த நூலின் பாரம் முழுவதும் ஒரு தாளின்மீதும் ஒரு சல்லாவின்மீதும் தொங்குகிறது என்பதை அறிந்தவர், அட்டையைப் பிடித்துப் புத்தகத்தைத் தூக்கமாட்டார்.

துணிக்கு உறுதி தந்த அதே கஞ்சிதான் அதற்குப் பகையையும் அழைத்து வருகிறது. கரப்பான் பூச்சிக்கு அது விருந்து. இரவோடிரவாக மேற்பூச்சை நக்கித் தின்று, அட்டையெங்கும் வெளுத்த திட்டுக்களை விட்டுச் செல்லும். வெள்ளியாய் மின்னி நெளிந்தோடும் சிறு பூச்சி கஞ்சியையும் சுரண்டும், தாளையும் சுரண்டும். வண்டின் புழுவோ ஊசியால் குத்தியதுபோல் ஒரு துளையிட்டு, முன்னட்டையில் புகுந்து பின்னட்டையில் வெளிவரும். ஏடரிக்கும் பூச்சிக்கு நம் முன்னோர் இராமபாணம் என்று பெயரிட்டனர்; எத்தனை பொருத்தமான பெயர் என்பது அத்துளையைக் கண்டவர்க்கே புரியும். தண்ணீரும் அப்படித்தான். அட்டையில் ஒரு சொட்டு விழுந்தால் கஞ்சி கரைந்து விலகி, உலர்ந்த பின்பு வட்டமாகக் கறை நிற்கும். அதனால்தான், வீட்டைச் சுத்தம் செய்யும் நாளில் மேசையைத் துடைத்த ஈரத் துணியாலேயே புத்தகத்தையும் ஒரு துடை துடைப்பவர்களைக் கண்டால் நமக்கு நெஞ்சு பதறுகிறது.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய நூலென்றால் தாளும் பழையதாகையால் நொறுங்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை பெரும்பாலும் தலைகீழானது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் காகிதம் கந்தைத் துணியிலிருந்து செய்யப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அது மடங்கும், ஒடியாது. பின்னர் மரக்கூழ் வந்தது. மை ஊறிப் பரவாதிருக்கப் படிகாரமும் பிசினும் சேர்த்தனர். அந்தப் படிகாரத்தின் புளிப்பு, ஆண்டுகள் செல்லச் செல்லத் தாளை உள்ளிருந்தே தின்று, பழுப்பாக்கி, அப்பளம்போல் ஒடியச் செய்கிறது. பாட்டனார் காலத்துப் புத்தகத்தைவிட அவருடைய பாட்டனார் காலத்துப் புத்தகம் நல்ல நிலையில் இருப்பதன் இரகசியம் இதுவே. இவ்வகைத் தாளின் மூலையை அடையாளத்துக்காக மடித்தால், மூலை கையோடு வந்துவிடும்.

நிற்க. இவ்வளவும் ஏன் சொல்கிறோம் என்றால், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் நிகழ்ந்ததை நம்மால் மறக்க இயலவில்லை.

எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. பார்வை சற்று மங்கியிருந்தாலும் மனத் தெளிவு குறையாதவர். அவருடைய மாமனார் வைத்திருந்த செபப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. கறுப்புக் கலிக்கோ அட்டை, முதுகு பிரிந்து நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் பேரன், பாட்டியின் பிறந்த நாளுக்கு எதிர்பாராத பரிசாக இருக்கட்டும் என்று அதை எடுத்துச் சென்று, நல்ல பைண்டர் ஒருவரிடம் கொடுத்து, பளபளக்கும் சிவப்பு ரெக்சின் போட்டு, பாட்டியின் பெயரையும் தங்க நிறத்தில் பொறித்துக் கொண்டுவந்தான். அன்பின்றி இதைச் செய்ய முடியாது. பாட்டியும் முதலில் மகிழ்ந்துதான் வாங்கினார். பிறகு முன்னட்டையைத் திறந்தார். மூடினார். பின்னட்டையைத் திறந்தார். விரலால் தாளைத் தடவினார். "பேரெல்லாம் எங்கேடா?" என்றார்.

அந்தப் புத்தகத்தின் முன்னும் பின்னும் இருந்த வெற்றுத் தாள்களில், மாமனார் தம் பிள்ளைகளின் பெயர்களை எழுதியிருந்தார். பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், ஞானப் பெற்றோர். இறந்தவர்களுக்கு இறந்த நாள். ஒன்பது பிள்ளைகள். அவற்றுள் மூன்று, தொட்டிலிலேயே போய்விட்டவை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2-ஆம் நாள், சகல ஆத்துமாக்களின் நினைவு நாளன்று, கல்லறைக்குப் போவதற்குமுன் அந்தத் தாளை விரித்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுச் சொல்லிச் செபிப்பது அம்மூதாட்டி மருமகளாக வந்த நாள் முதல் செய்துவந்த வழக்கம். மக்கிப்போன தாளை நீக்கிப் புதுத் தாள் ஒட்டுவது பைண்டருடைய தொழில் முறை. அவர்மீது குற்றம் சொல்ல நாம் முன்வரமாட்டோம். அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேரன் மறுநாளே ஓடிப்போய்க் கேட்டான். கழிவுத் தாள் மூட்டை முந்தின வாரமே எடைக்குப் போய்விட்டது.

நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துவைத்து இரண்டு மாலைகள் தேடினோம். எட்டுப் பெயர்கள் கிடைத்தன. ஒன்பதாவது பிள்ளை, பிறந்த சிறிது நேரத்துக்கெல்லாம் இறந்தது. மருத்துவச்சியே தலையில் தண்ணீர் ஊற்றியிருந்தாள் என்று பாட்டி கேள்விப்பட்டிருந்தார். அது பதிவேட்டில் ஏறவேயில்லை. அந்தப் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே இடம், எடைக்குப் போன அந்தத் தாள். பாட்டிக்கு நினைவிலிருந்ததா என்றால், ஆண்டுதோறும் படித்த பெயராயிற்றே, இருந்தது. அவர் சொல்ல, புதுத் தாளில் பேரன் எழுதினான். தேதிகள் மட்டும் திரும்பி வரவில்லை. பாட்டி அவ்வாறு நினைவோடு இருந்தது அந்தக் குடும்பத்தின் பாக்கியம்.

ஆதலால் பைண்டரிடம் ஒரு பழைய நூலைக் கொடுக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு நம் விண்ணப்பம் இது. முதலில், அது உண்மையிலேயே அவசியந்தானா என்று யோசியுங்கள். அட்டை கழன்ற புத்தகம் அழகற்றதாயிருக்கலாம். ஆனால் தாள்கள் எல்லாம் இருந்து, தையலும் உறுதியாயிருந்தால், அது நோயாளியன்று. புதுக்கட்டுக்காக ஓரங்களைக் கத்தியிலிட்டு வெட்டும்போது, விளிம்பில் பாட்டனார் பென்சிலால் எழுதிய குறிப்புகளின் பாதியும் சேர்ந்து போய்விடுகிறது. நொறுங்கும் தாளை ஓரத்தில் குத்தி இறுக்கித் தைத்துவிட்டாலோ, புத்தகம் பிறகு விரியவே விரியாது. வலிந்து விரித்தால் தையலோரமாகவே தாள் ஒடியும். அவசியமென்று கண்டால், பைண்டரின் எதிரில் உட்கார்ந்து நான்கு வார்த்தை சொல்லிவிடுங்கள்: ஓரம் வெட்டக்கூடாது, எழுத்துள்ள தாள் எதையும் நீக்கக்கூடாது, பழைய அட்டையையும் முதுகையும் திருப்பித் தரவேண்டும் என்று. பசையில் பூச்சி விழாதிருக்க மயில்துத்தம் கலப்பது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம்; செம்புச் சத்து நாளடைவில் தாளைப் பலவீனப்படுத்தும் என்பதால் நூல் பேணுவோர் இன்று அதனை விரும்புவதில்லை. சொன்னால் கேட்கும் பைண்டர்கள் இருக்கிறார்கள். சொல்வதற்குத்தான் ஆளில்லை.

கடைக்கே கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பவர்கள் மற்றொரு வகை. இவர்களுடைய ஆயுதம் செல்லோ டேப். கிழிந்த பக்கத்தில் அதை ஒட்டும்போது கண்ணாடிபோல் அழகாகத்தான் இருக்கும். சில ஆண்டுகளில் நாடா சுருங்கி உதிர்ந்துவிடும். பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாய் நிற்கும். அதன்மேல் அடுத்த பக்கமும் ஒட்டிக்கொள்ளும். ஒரு கிழிசல் இருந்த இடத்தில் நான்கு பக்கங்கள் பாழ். அட்டைக்கு வார்னிஷ் பூசியவர் ஒருவரை நாம் அறிவோம். தேங்காயெண்ணெய் தடவியவரையும் அறிவோம். தோலுக்கு எண்ணெய் நல்லது என்று எங்கோ கேட்டதைத் துணிக்கும் பொருத்திவிட்டார். தூசி தட்டுவதற்கு மென்மையான உலர்ந்த தூரிகை ஒன்று போதும். புத்தகத்தை இறுக மூடிப் பிடித்துக்கொண்டு, முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தூசியைத் தள்ள வேண்டும். கிழிந்த தாளை ஒன்றும் செய்யாமல், ஒரு வெள்ளைத் தாளுக்குள் மடித்துப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிடுவது, தவறாக ஒட்டுவதைவிட நூறு மடங்கு மேல். நூல் பேணும் கலை தெரிந்தவர்கள் மெல்லிய சப்பானியத் தாளையும் மாவுப் பசையையும் கொண்டு ஒட்டுவார்கள். பின்னொரு நாள் வேண்டுமானால் ஈரம் காட்டி அதை எடுத்துவிடலாம். எடுக்க முடியாத எதையும் ஒட்டாதிருப்பதே அவர்களுடைய முதல் விதி.

வைக்கும் இடம் பெரிது. கடலோர மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றே ஈரத் துணிபோல் இருக்கும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்து நின்றால் பூசணம் பிடிக்கத் தொடங்கும். நம் மழைக்காலத்தில் அது 80-ஐத் தாண்டுவது சாதாரணம். புத்தகங்களைக் கண்ணாடிக் கதவுள்ள பீரோவில் பூட்டி, மழையடிக்கும் வெளிச்சுவரோடு சேர்த்து நிறுத்திவிட்டு, பத்திரமாயிருக்கின்றன என்று நிம்மதியடைவோர் பலர். மூடிய பீரோவில் ஈரம் வெளியேற வழியின்றித் தங்குகிறது. சுவரிலிருந்து அரையடி, தரையிலிருந்து அரையடி தள்ளி நிற்கட்டும். மழை ஓய்ந்த நல்ல நாட்களில் கதவைத் திறந்துவையுங்கள். கறையானுக்கும் இதுவே காவல். மண்குழாய் கட்டி ஏறும் அப்பிராணிக்குச் சுவரும் அலமாரியும் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே பாலம். வெயிலில் உலர்த்துவது நம் மக்களுக்கு இயல்பாகத் தோன்றும். ஆனால் நெல்லுக்கு ஆகும் வெயில் நூலுக்கு ஆகாது. சாயம் வெளுக்கும், அட்டை வளையும்.

வேப்பிலை, வசம்பு முதலியவற்றைப் பற்றிக் கேட்பார்கள். அவை பூச்சியை அண்டவிடாமல் தடுக்க முன்னோர் கண்ட வழி. உள்ளே குடியேறிவிட்ட புழுவைக் கொல்லமாட்டா. வைப்பதானால் நிழலில் நன்றாக உலர்த்தி, துணியில் முடிந்து, தட்டின் மூலையில் வையுங்கள். பச்சையிலையைப் பக்கங்களுக்கிடையில் செருகுவது, ஈரத்தையும் கறையையும் நாமே கொண்டுபோய்க் கொடுப்பதாகும். பாச்சை உருண்டையைப் பொறுத்தமட்டில் நமக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அதன் ஆவி சில கைக்குழந்தைகளின் இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியது என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். குழந்தையுள்ள வீட்டில் புத்தகத்துக்காக அதை வைப்பது தகாது. துளையிலிருந்து மாவுபோல் தூள் உதிர்வதைக் கண்டால், அதாவது புழு உயிரோடிருப்பது தெரிந்தால், இக்காலத்தில் ஒரு நல்ல வழி உண்டு. புத்தகத்தைப் பாலித்தீன் பையிலிட்டு, காற்றை வெளியேற்றி, வாயை இறுக ஒட்டி, டீப் ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்துவிடலாம். எடுத்தவுடன் பையைத் திறக்கலாகாது. ஒரு நாள் முழுவதும் அப்படியே வெளியில் வைத்திருந்து, குளிர் விட்ட பிறகே திறக்க வேண்டும். இல்லாவிடில் குளிர்ந்த அட்டையில் காற்றின் ஈரம் பனிபோல் படிந்துவிடும். மீன் வைக்கும் பெட்டியில் செபப் புத்தகமா என்று நம் சமையற்காரர் முகம் சுளித்தார். பை இறுக மூடியிருந்தால் இரண்டுக்கும் பழுதில்லை.

குருமடத்தில் நாம் பயின்ற நாட்களில் நூலகப் பொறுப்பில் ஒரு முதிய குரு இருந்தார். வேதசாத்திரம் போதித்த பெரிய பேராசிரியர்களிடம் கற்றவற்றில் எவ்வளவோ மறந்துபோயிற்று. இவரிடம் கற்ற ஒன்று மறக்கவில்லை. தட்டிலிருந்து நூலை எடுக்கும்போது, முதுகின் மேல்நுனியில் விரலை மாட்டி இழுப்பவனைக் கண்டால் அவர் புருவம் நெரியும். துணிக்கட்டு நூல்கள் பெரும்பாலும் கிழிவது அவ்விடத்தில்தான். இருபுறமும் உள்ள நூல்களைச் சிறிது உள்ளே தள்ளிவிட்டு, நடுமுதுகைப் பற்றி எடுக்க வேண்டும் என்று ஒவ்வொருவனையும் அருகில் நிறுத்திச் செய்துகாட்டுவார். நெருக்கி அடைத்த தட்டும் அவருக்குப் பிடிக்காது, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் தட்டும் பிடிக்காது. "கோயிலில் சனங்கள் நிற்பதுபோல் நிற்கட்டும்" என்பார். கனத்த பெரிய நூல்களைப் படுக்கவைத்துவிடுவார், அவற்றின் பாரமே அவற்றைக் கிழிக்கும் என்று. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவதையும் அவர் கடுமையாகக் கண்டித்தார். அக்காலத்தில் நமக்கு அது வெறும் ஒழுக்க விதியாகவே தோன்றிற்று.

அந்தக் கண்டிப்புக்குப் பிற்காலத்தில் வேறொரு காரணமும் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் வெளியான பளிச்சென்ற பச்சைத் துணியட்டைகள் சிலவற்றில் ஆர்செனிக் என்னும் பாஷாணம் கலந்த சாயம் இருப்பதை, அமெரிக்காவிலுள்ள விண்டர்தர் அருங்காட்சியகத்தார் 2019-ஆம் ஆண்டில் கண்டறிந்து, அன்று முதல் அத்தகைய நூல்களைப் பட்டியலிட்டு வருகின்றனர். பழைய குருமனைகளிலும் பள்ளி நூலகங்களிலும் அக்காலத்து ஆங்கில நூல்கள் இன்றும் உண்டு. தூளாக உதிரும் பச்சையட்டை எங்கேனும் கண்ணில் பட்டால், அஞ்ச வேண்டாம், எறியவும் வேண்டாம். பாலித்தீன் உறையிட்டு, சிறுவர் கைக்கெட்டாத இடத்தில் வைத்து, கையைச் சோப்பிட்டுக் கழுவிவிடுங்கள். விரலை நாக்கில் வைக்காதீர்கள்.

நனைந்த நூல்களைப் பற்றிய அனுபவம் நமக்குக் கஜா புயலால் கிடைத்தது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் அப்புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, நாம் இருந்த கடலோரப் பங்கில் குருமனையின் ஓட்டுக் கூரை பெயர்ந்து, புத்தக அலமாரியின்மேல் மழை நேராக இறங்கியது. மரங்களும் வீடுகளும் வாழ்வாதாரமும் போய் நின்ற மக்களின் முன்னிலையில் புத்தகத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. ஆயினும் சில இளைஞர்கள் தாமாகவே வந்து அவற்றைப் பள்ளித் தாழ்வாரத்துக்குத் தூக்கினார்கள். மின்சாரம் இல்லை, மின்விசிறி இல்லை. காற்று வரும் தாழ்வாரமே கைகொடுத்தது. இலேசாக நனைந்தவற்றை நிமிர்த்தி நிறுத்தி, பக்கங்களை விசிறிபோல் விரித்துவிட்டோம். அதிகம் நனைந்தவற்றைப் படுக்கவைத்து, இடையிடையே வெள்ளைத் தாள் செருகி, ஊற ஊற மாற்றிக்கொண்டிருந்தோம். பரீட்சைக்காகப் பள்ளியில் அடுக்கியிருந்த தாள்கள் அதற்குப் பயன்பட்டன. நனைந்த நூல்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு நாள். மூன்றாம் நாள் பூசணம் வந்துவிடுகிறது. சிவப்புத் துணியட்டை ஒன்று சாயம்விட்டு, இருபுறமும் நின்ற நூல்களின் ஓரங்களை இளஞ்சிவப்பாக்கியிருந்தது. படங்கள் அச்சிட்ட வழவழப்பான தாள் உள்ளவை ஒட்டிப் பாளமாகிவிட்டன. அவற்றைப் பிரிக்கவே இயலவில்லை. சாதாரணத் தாளில் அச்சான பழைய தமிழ் நூல்களோ அலையலையாக நெளிந்துபோயினும் எழுத்துக் கெடாமல் பிழைத்தன. பூசணம் பிடித்தவற்றை ஈரத்தோடு துடைக்க ஒருவர் முற்பட்டார், தடுத்தோம். அப்படித் துடைத்தால் அது நெசவுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். முற்றும் உலர்ந்த பின், வெளியில் எடுத்துச் சென்று, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தூரிகையால் தட்ட வேண்டும்.

பங்கின் பதிவேடுகள் இரும்புப் பெட்டியில் இருந்ததால் தப்பின. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் எண், பங்கின் பழைய பதிவேடுகளைக் கவனமாகப் பாதுகாக்கும்படி பங்குக் குருவைப் பணிக்கிறது. பதிவேட்டைக் காக்கச் சட்டம் உண்டு. வீட்டுச் செபப் புத்தகத்தின் வெற்றுத் தாளைக் காக்க எந்தச் சட்டமும் இல்லை.

தமிழெழுத்தில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றாகிய தம்பிரான் வணக்கம் 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். இன்று உலகில் அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நம் கரையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கறையானும் கடற்காற்றும் மட்டுமே அதற்குக் காரணமென்று நாம் எண்ணவில்லை. சிறிய, கந்தலான நூலைக் குப்பையென்று நினைத்த கைகளும் இருந்திருக்கும். மறுபுறம், கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், பிறர் வேண்டாமென்று கழித்த அச்சுத் தாள்களையெல்லாம் தேடிச் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்த பின், அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஒன்று உருவாயிற்று. தமிழ் அச்சு வரலாற்றை எழுத விரும்புவோர் இன்று அங்கே செல்கிறார்கள்.

இப்பொழுது பெரும்பாலான வீடுகளில் படம் எடுக்கும் கைபேசி இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே, மாடத்துப் புத்தகத்தை எடுத்து, முன் தாளையும் பின் தாளையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, வெளியூரில் உள்ள அண்ணன் தம்பிகளுக்கும் அத்தை வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். எழுதியிருப்பது யாருடைய கையெழுத்து என்று வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பைத் தனித் தாளில் எழுதுங்கள். புத்தகத்தில் பேனா வேண்டாம்.

அட்டை கழன்ற புத்தகத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். துணிக் கடையில் வெள்ளைப் பருத்தி நாடா கிடைக்கும். அட்டையையும் தாள்களையும் அவற்றின் இடத்தில் ஒழுங்காக வைத்து, நீளவாக்கில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, இறுக்காமல் கட்டுங்கள். ரப்பர் வளையம் உருகி ஒட்டும். நைலான் கயிறு அட்டையை அறுக்கும். முடிச்சு அட்டையின்மேல் விழுந்தால் பக்கத்துப் புத்தகத்தில் போய் அழுந்துமாகையால், பக்கங்கள் திறக்கும் வெளிவிளிம்பில் அது வரட்டும். பின்பு ஒரு வெளுத்த பழைய வேட்டித் துண்டால் சுற்றி, மேலே புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிச் செருகிவிடுங்கள். உள்ளே இருப்பது எதுவென்று பார்ப்பதற்காக அடுத்தவர் கட்டை அவிழ்க்க வேண்டியிராது.